சாவியில்லாப் பூட்டு

பெண்டாட்டியை ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவது என்று சாவிக்காரன் சபதம் எடுத்தபோது, அவள் அவனை விட்டுப் போக இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில் அவன் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு ஸ்டூல், நாலு அரம், சாவி வெட்டும் மெஷின், பின்னால் பலகை நிறைய வெட்டாத சாவிகள். வயது இருபத்து நாலு. அவன் கைக்கு மசியாத பூட்டு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. மசியாத ஒரே ஆள் வீட்டில் இருந்தாள்.

தொழிலில் அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. பூட்டைத் திறப்பான், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டான். ஒரு டாக்டர் வீட்டு பீரோவைத் திறந்த கையோடு முகத்தை வெடுக்கென்று திருப்பிச் சுவரில் மோதிக்கொண்டான். அதே டாக்டர்தான் மூக்கில் இரண்டு தையல் போட்டார். அன்று வீட்டுக்கு வந்து தையலைப் பதக்கம் மாதிரி காட்டினான்.

"பூட்டு என் பொறுப்பு, பெட்டி அவங்க பொறுப்பு. தலையே போனாலும் அடுத்தவங்க பெட்டிக்குள்ள எட்டிப் பார்க்க மாட்டேன்."

"தலை போகலை. மூக்குதான் போச்சு" என்றாள் அவள், பஞ்சால் ஒற்றிக்கொண்டே.

புதிதாகக் கல்யாணமானவர்கள் எல்லோரும் பெண்டாட்டியைத் தேவதை என்பார்கள். அவன் சொன்னால் அது வெறும் தகவல். அவள் நிஜமாகவே அந்தப் பக்கத்துப் பெண், தேவதைகளின் உலகத்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் கடைக்கு வந்து நின்றாள்.

"இரும்பு இல்லாம வேற எதுலயாவது ஒரு சாவி போட்டுத் தருவீங்களா?"

"பித்தளையில போடலாம். எந்தப் பூட்டுக்கு?"

"பூட்டு இல்லை. இங்க எல்லாரும் ஆளுக்கொரு சாவி வெச்சிருக்காங்க. எனக்கும் ஒண்ணு வேணும்."

போட்டுக் கொடுத்தான். நாலு மாதத்தில் அந்தச் சாவிக்குப் பொருந்துகிற பூட்டைச் செய்து, தன் வீட்டுக் கதவிலேயே மாட்டினான். காதலைச் சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அந்தப் பக்கத்து ஜனத்துக்கு இரும்பு ஆகாது, பட்டால் பொசுங்கும். அதனால் வீட்டில் மரக்கட்டில், அலுமினியப் பாத்திரம். இரும்பில் புழங்குகிறவன் வாசலிலேயே மூன்று தடவை சோப்புப் போட்டுக் கைகழுவி, நகத்தைக் காட்டி, உத்தரவு வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் ஊரை யார் கழுவுவது? பஸ், லிப்ட், கைப்பிடிக் கம்பி, சுவருக்குள் கம்பி. அவள் கையைக் கட்டிக்கொண்டு படிக்கட்டின் நடுவிலேயே ஏறுவாள். போன வருஷம் இருமல் வந்தது. இந்த வருஷம் வளையல் நழுவி முழங்கை வரை போயிற்று.

"போய்த்தாங்க ஆகணும். வர்ற அமாவாசைக்கு வழி திறக்கும்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் லீவு கேட்டுப் பாரேன்."

"அங்கயும் ஆபீஸ்தான். அவங்களைக்கூடச் சரிக்கட்டிடலாம். இந்த உடம்பைச் சரிக்கட்ட முடியலையே."

அவள் மெதுவாக அடுத்ததைச் சொன்னாள். "நான் அந்தப் பக்கம் காலை வெச்சதும் உங்களுக்கு என்னை மறந்துடும். கட்டினவங்களுக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கு இல்லை."

"இது என்ன அக்கிரமம்? பக்கத்து வீட்டுத் தையல் அக்காவுக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு இருக்காதா?"

"அக்காவுக்கு வலிக்காதுல்ல?"

அவள் பொய் சொல்ல மாட்டாள். அந்தப் பக்கத்தில் யாருக்கும் அது வராது. வாக்குவாதத்தில் இது எவ்வளவு அநியாயமான ஆயுதம் என்பது கட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும்.

சபதம் எடுத்தது அப்போதுதான். மேம்பாலத்தடியில் ஒரு தாடிக்காரர் நிற்பார். மழையிலும் வெயிலிலும் ஒரே தூணைப் பார்த்தபடி, கையில் ஒரு பழைய தகர டின். அவர் பெண்டாட்டியும் அந்தப் பக்கம்தான். சாவிக்காரன் டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தான்.

"உங்களுக்கு மட்டும் எப்படி ஐயா மறக்கலை?"

"மறந்துச்சே. ஒரு வாரம் ஜம்முனு இருந்தேன். அப்புறம் இந்த டின்னைத் திறந்தேன்." உள்ளே அவள் எழுதிய கடிதம் ஒன்று. "வெளியில இருந்த எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு. இரும்புக்குள்ள அவங்க மாயம் செல்லாது தம்பி."

சாவிக்காரன் துள்ளிக்கொண்டு வந்தான். தாடிக்காரரின் மற்றதையெல்லாம், காலில் செருப்பில்லாததை, ஆறிப்போன டீயை அவர் குடிக்காமலே விட்டதை, அவன் பார்க்கவில்லை.

மறுநாளே ஒரு இரும்புப் பெட்டி வந்து இறங்கியது. அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். உனக்காகத்தானே வாங்கினேன்."

"அப்ப என்னோடதா?"

"உன்னோடதேதான். தொடத்தான் முடியாது!" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

ஒன்பது நாள் எழுதினான். அவள் இருமுகிற விதம், கோபம் வந்தால் சாவியைக் கடிப்பது, தூக்கத்தில் அந்தப் பக்கத்துப் பாஷையில் யாரையோ திட்டுவது, மூக்கில் பஞ்சு ஒற்றியது. எழுதியதைப் படித்தும் காட்டினான். "அவ்வளவு சத்தமாவா குறட்டை விடுறேன்?" என்று அவள் ஒரே இடத்தில்தான் திருத்தம் கேட்டாள். இரண்டு பேரும் தெருமுனை ஸ்டூடியோவில் எடுத்த படத்தை மேலே வைத்து மூடினான். பிறகு தன் வாழ்நாளிலேயே சிறந்த பூட்டைச் செய்து மாட்டினான். அதற்குச் சாவியே கிடையாது.

"ஆள் வெச்சும் திறக்க முடியாது. இந்த ஊர்ல இதைத் திறக்கத் தெரிஞ்ச கை ஒண்ணே ஒண்ணு" என்று கையை ஆட்டிக் காட்டினான். "எனக்கு எல்லாம் மறந்துபோகட்டும். என் கட்டிலுக்கடியில ஒரு பூட்டின பெட்டி. பார்த்துட்டுச் சும்மா இருப்பேனா?"

"உங்க கட்டிலுக்கடியில இருந்தா நிச்சயமாத் திறப்பீங்க" என்றாள் அவள். பொய் சொல்லத் தெரியாதவள்.

பிறகு கேட்டாள். "தாடிக்காரருக்கு என்ன வயசு இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"அறுபது?"

"முப்பத்திரண்டு. அவர் சம்சாரம் எனக்குத் தெரிஞ்சவ. அங்க உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துட்டு இருக்கா. பார்க்கத்தான் முடியும். வர முடியாது." சற்று நேரம் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகத்துக்கடியில் மிச்சமிருந்த இரும்புத்தூள் சுட்டிருக்கும். விடவில்லை.

அமாவாசையன்று காலை அவன் கடைக்குப் போனான். அவள்தான் போகச் சொன்னாள். பதினோரு மணிக்கு, பாதி வெட்டின சாவியோடு, எதற்காக மெஷினை நிறுத்தினோம் என்று யோசித்தான். பிறகு அதை மறுபடி ஓட்டினான். மாலையில் வீட்டுக்கு வந்து, வாசலில் மூன்று தடவை கைகழுவி, யாரிடம் என்று தெரியாமல் நகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனான். கட்டிலுக்கடியில் நிறைய இடம் இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தையல் அக்கா, பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். தன்னுடையதான அந்தப் பெட்டியை அக்காவுக்கே சொந்தமாகக் கொடுத்துவிட்டுத்தான் அவன் பெண்டாட்டி போயிருந்தாள். "மனசு கேக்கலைன்னா அவர்கிட்டயே கொண்டு போங்க அக்கா. தடுக்க மாட்டேன். ஆனா 'இது என் பெட்டி'ன்னு மட்டும்தான் நீங்க சொல்லணும். என்னைப் பத்தி ஒரு வார்த்தை கூடாது" என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பொழுதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தனியாக யாருக்கோ பதில் சொல்வதுபோல் "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கேட்கும்?

"தம்பி, என் பெட்டி. திறந்து கொடு."

அவன் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது யாரு செஞ்சதுக்கா? பிரமாதமான கை!"

"இருக்கான் ஒரு கிறுக்கன்."

"சாவித்துவாரமே வைக்கலை பாருங்க. யாருக்கோ பயந்து செஞ்சிருக்கான்."

அவன் கை தானாக வேலை செய்தது. ஐந்து நிமிஷம். டிக் என்றது. உடனே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அக்கா மூடியைத் தூக்கினாள். மேலே படம். சிரித்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். எடுத்து அவன் முதுகுக்கு நேரே நீட்டினாள்.

"தம்பி, ஒரு தடவை திரும்பிப் பாரேன்."

"மாட்டேன்க்கா. கொள்கை."

"நான்தான் சொல்றேனே. என் பெட்டி, என் அனுமதி. பாரு."

"எல்லாரும் இப்படித்தான்க்கா சொல்வாங்க. மூக்குல தையலே வாங்கிருக்கேன் இதுக்காக." தழும்பைத் தடவியவன் கொஞ்சம் நிறுத்தினான். "யாரோ பஞ்சு வெச்சாங்க... நர்ஸா இருக்கும்."

நீட்டிய கை வலிக்கும்வரை அக்கா நின்றாள். பஸ் ஒன்று வந்து போயிற்று. படத்தைப் பழைய இடத்தில் வைத்து, மூடியை அழுத்தினாள்.

"மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன்பா."

அவன் திரும்பி, புதுப் பூட்டு மாட்டி, இரண்டு சாவி வெட்டினான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததற்கு அரத்தூள்தான் காரணம் என்று நினைத்து, மெஷினைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"ரெண்டும் பித்தளை போட்டிருக்கேன்க்கா. இரும்பே போதும். ஏனோ கை இதைத்தான் எடுத்துச்சு." சாவிகளை அவள் உள்ளங்கையில் வைத்தான். பிறகு, அந்த அபாரமான பழைய பூட்டைத் தூக்கிப் பிடித்து, பெருமை தாங்காமல் சிரித்தான்.

"இதையே திறந்துட்டேன் பார்த்தீங்களா! நாளைக்கு எனக்குன்னு ஒருத்தி வந்தா பாவம்க்கா, என்கிட்ட ஒண்ணைக்கூட மறைக்க முடியாது."