உத்தரவு கொடுக்காத கிடா

மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கால்மணி நேரமாகியும் கிடா தலையை உதறவில்லை. உதறினால்தான் முனீஸ்வரன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் வெட்டு. திருப்போரூர் பக்கத்து அந்தக் கிராமத்தில் இதுதான் சட்டம்.

சரவணகுமாருக்கு வியர்த்தது. ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் அவனுடைய வேன் மாசி மாதம் பள்ளத்தில் இறங்கியபோது, உயிர் பிழைத்தால் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டவன் அவன். அந்தக் கிடாவுக்குக் கருப்பட்டி என்று பெயர் வைத்துக் கீரை ஊட்டி வளர்த்தவள் மனைவி ரேணுகா. தினமும் வேனைக் கழுவும்போது அதையும் பக்கத்தில் நிறுத்திக் குளிப்பாட்டுவாள். மூன்று நாளாக அவள் புருஷனோடு பேசுவதில்லை.

"நல்லா ஊத்து பூசாரி!" என்றான் ரேணுகாவின் அண்ணன் மோகன். அவனுக்குப் பிரியாணிக் கவலை.

பூசாரி சுப்பிரமணி சொம்போடு கவிழ்த்தார். கருப்பட்டி கண்ணை மூடிச் சுகமாக நின்றது.

"சாமி கோவமா கீறாரு. ஒரு சேவலும் சேத்து வேண்டிக்கோ."

வேண்டிக்கொண்டான். கருப்பட்டி தன் கழுத்து மாலையை மெல்ல ஆரம்பித்தது.

"ரெண்டு சேவலா சொல்லு மச்சான்!"

சொன்னான். மாலை முக்கால்வாசி காலி.

வேனுக்குள்ளிருந்து ரேணுகா வாயைத் திறந்தாள். "உலகத்தையே படைச்சவருக்கு நம்ம வூட்டு ஆட்ட துன்னாத்தான் பசி அடங்குமா? பள்ளத்துல காப்பாத்தினாரே, அப்போ அட்வான்ஸா கேட்டாரு?"

"வாக்கு குடுத்துட்டேன்டி!" என்றான் அவன் அழாக்குறையாக. "மாத்தினா நாளைக்கு எந்த தைரியத்துல ஸ்டியரிங்க புடிப்பேன்?"

பொறுமையிழந்த மோகன் ஒரு குடம் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வீசினான். அந்த நேரம் பார்த்துக் கருப்பட்டி, கீழே உதிர்ந்த கடைசிப் பூவுக்காகக் குனிந்தது. குடத்துத் தண்ணீர் மொத்தமும் கயிற்றைப் பிடித்திருந்த சரவணகுமாரின் தலையில் விழுந்தது.

"ஐயோ!" உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலிர்த்து, தலையை உதறு உதறென்று உதறினான்.

மூன்று நாளைக்குப் பிறகு ரேணுகா விழுந்து விழுந்து சிரித்தாள். அரிவாளோடு நின்றவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி சாமியைப் பார்த்தார்.

பூ விற்கும் முனியம்மா மட்டும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா பூசாரி பாத்துகினு நிக்கிற? அதான் உத்தரவு வந்துடுச்சே. ஆட்ட அவுத்துவுட்டு, இந்தாள கட்டு!"