நானூறு குடும்பங்களும் என் அழுகிய கத்தரிக்காயும்

மார்க்கம், கனடா,
நவம்பர் 12

மதிப்புக்குரிய 'பனிமுரசு' ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தையும் விரும்பியிருந்தேன், போன செவ்வாய்க்கிழமை வரை.

என் பெயர் கிறிஸ்துநாயகம். மார்க்கத்தில் வீடு, 401 நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணிநேரம் ஓடினால் ஐம்பது ஏக்கர் தோட்டம். கொரோனா வந்த வருடம் அங்கே பத்து ஏக்கரில் கத்தரி காய்த்துக் குலுங்கியது. காய் பிடுங்க ஸ்காபரோவிலிருந்து வரும் அன்ரிமார், ஒரே வான் வண்டியில் நெருக்கியடித்து ஏறி அந்த வருத்தத்தை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். காய் முழுவதும் செடியிலேயே அழுகியது. நாற்றம் தாங்காமல் மூன்று கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை. அப்படி நட்டப்பட்ட விவசாயிகளுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. நானும் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுத்து இருபத்தெட்டாயிரம் டொலர் வாங்கினேன். அதில் ஒரு சதம்கூடப் பொய்யில்லை.

போன செவ்வாய்க்கிழமை அதைச் சரிபார்க்க ஒரு அதிகாரி வந்தார். மொழிபெயர்க்க அட்சயா என்றொரு பிள்ளையையும் கூட்டிவந்தார். மேசையில் அவர் விரித்தது அந்த வருடத்து உங்கள் பேப்பர். யாரோ நல்ல மனசுக்காரர் அனுப்பிவைத்தாராம். முதல் பக்கத்தில் "நானூறு குடும்பங்களுக்குக் கத்தரிக்காய் இலவசம்", கீழே பல்லெல்லாம் தெரிய நான். அழுகியதற்குத்தானே காசு வாங்கினாய், கொடுத்த காய் எப்படி அழுகும் என்று கேட்கிறார். "பிள்ளை, உது பேப்பர்காரர் எழுதினது. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை எண்டு சொல்லு" என்றேன். "அங்கிள், டோன்ட் பி சோ ஹம்பிள். எங்கட அம்மா அந்தப் பேப்பரை இன்னும் வச்சிருக்கிறா" என்றாள் அவள். அறுபது நாளுக்குள் முழுக்காசையும் திருப்பிக் கட்ட வேண்டும். தோட்டத்தை விற்காமல் அது நடக்காது.

ஐயா, நீங்கள் பத்திரிகை நடத்துகிறீர்களா, என் குடியைக் கெடுக்கிறீர்களா? உங்கள் நிருபர் றொய்சன் அந்த வருடம் ஃபோனில், "அங்கிள், கத்தரிக்காயெல்லாம் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். ஊரே வாசிக்கிற பேப்பருக்கு, அழுகிப்போச்சு என்று மானமுள்ள மனிதன் சொல்வானா? "சனத்துக்குக் குடுத்தன்" என்றேன். எத்தனை குடும்பம் என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு நிருபர் அதை விசாரிக்க வேண்டாமா? ஒரேயொரு குடும்பத்தைக் கூப்பிட்டு, காய் கிடைத்ததா என்று கேட்டிருந்தால் என் தோட்டம் தப்பியிருக்கும். கோயிலில் ஆட்கள் இன்னும் மூஞ்சையை நீட்டுகிறார்கள், தங்களுக்கு மட்டும் தரவில்லையாம். என் மனைவி அருள்நாயகியோ, "அந்த நானூறு குடும்பத்திட்டையும் போய்க் காசைக் கேளுங்கோவன்" என்கிறாள். எனக்கு வருகிற கோபத்துக்கு உங்கள் பேப்பரைக் கொளுத்தலாம் போலிருக்கிறது.

ஆகவே அடுத்த இதழில், அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "கிறிஸ்துநாயகம் யாருக்கும் ஒரு கத்தரிக்காய்கூடக் கொடுத்தவர் அல்ல" என்று திருத்தம் போட வேண்டும். போடாவிட்டால் லோயரோடு உங்கள் பத்திரிகைக் கந்தோர் வாசலில் நிற்பேன்.

மடுமாதா உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக. றொய்சனுக்காக நான் மன்றாடவில்லை.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும்
ம. கிறிஸ்துநாயகம்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது நலன்புரிச் சங்கத் தலைவர் றெமிஜியஸ் ஃபோன் எடுத்தார். தை மாத விழாவில் எனக்குக் 'கொடைவள்ளல்' பட்டமாம், பொன்னாடையாம். அருள்நாயகி சேலை எடுக்கப் போய்விட்டாள். திருத்தம் வேண்டாம். அதற்குப் பதிலாக, ஐம்பது ஏக்கர் தோட்டம் விற்பனைக்கு என்று கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு விளம்பரம் போடுங்கள். ஃபோன் நம்பர் மட்டும் போதும். என் பெயர் வந்தால் சனம் ஒருமாதிரிக் கதைக்கும்.