வளைகாப்புப் பந்தியிலிருந்து நான் எழுந்து நடந்த காரணம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. மணவாளன் அவர்களுக்கு, தில்லைநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் என் மகள் வினோதினியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதிலுக்கு இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இந்தக் கடிதமே என் சௌக்கியத்தைப் பற்றியது என்பதால் அந்த ஒரு வரியை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புப் பந்தியில், சர்க்கரைப் பொங்கல் வரும் சமயத்தில் நான் இலையை மூடிவிட்டு எழுந்து மண்டபத்தை விட்டு வெளியேறினேன். தாங்கள் முழங்கால் வலியால் உள்ளேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதன் பிறகு வெளியே நடந்ததையெல்லாம் பிறர் வாயால்தான் கேட்டிருப்பீர்கள். அவரவர் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. அன்று சாயங்காலம் வினோதினியை எங்களோடு அனுப்புவதாக இருந்தது. நல்ல நேரம் தாண்டிவிட்டது. மறுநாள் மாப்பிள்ளைக்குப் போன் செய்தால், "அப்பா கொஞ்ச நாள் போவட்டும்னு சொல்றாரு மாமா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (சோறு எப்படியும் பாதியாகக் குறைக்கப்பட்டுவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.) முதல் பிரசவம், ஒரே பெண். அவளுக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டில் வாங்கிப் போட்டு, அதில் யாரும் உட்காரக்கூடாது என்று நானே காவல் இருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் சரி.

இது மஞ்சக்குப்பம் மைதானத்துப் பொருட்காட்சியில் ஆரம்பித்தது. முகம் அளவுக்கு ஒரு டெல்லி அப்பளம் வாங்கித் தின்றுகொண்டே வந்தேன். பக்கத்திலேயே மருத்துவ முகாம். சும்மா போனவனைக் கூப்பிட்டு விரலில் குத்தினார்கள். குத்திய பெண் மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பளத்தைப் பார்த்தாள். "அங்கிள், வெறும் வயித்துல லேப்ல போய் ஒழுங்கா ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க" என்றாள். பார்த்தேன். லேப் கொடுத்த முடிவை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடி டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு இன்னும் சுகர் வரல. ஆனா வாசல்ல வந்து நிக்குது, ப்ரீ டயாபடீஸ்" என்றார்.

"கதவைச் சாத்திட்டாப் போயிடுமாம்மா?" என்று கேட்டேன்.

"போயிடும் சார். நீங்கதான் உள்ள கூப்டு கூப்டுப் பந்தி வெக்கறீங்க."

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. அவர் இன்னொரு காகிதத்தையும் எடுத்தார். "உள்ள அழற்சி கொஞ்சம் இருக்கு சார், இன்ஃப்ளமேஷன். தொப்பையும் இருக்கு, கொலஸ்ட்ராலும் ஜாஸ்தி. எல்லாம் ஒண்ணு சேந்தா ஹார்ட்டுக்கு ஆவாது. இப்பவே கவனிச்சா திருப்பிடலாம்" என்றார். மாத்திரைகூட எழுதவில்லை. சோறு பாதி, காய் இரண்டு பங்கு, சாப்பிட்ட உடனே பத்து நிமிடம் நிற்காமல் நடை, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்பது. இவ்வளவுதான் அவர் சொன்னது.

சம்பந்தி, அவர் ஹார்ட் என்றதும் எனக்கு நெஞ்சு நினைவுக்கு வரவில்லை. வினோதினியின் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போக நான் இருப்பேனா என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பயத்திலேயே வீட்டுக்கு வந்து என் மனைவி சந்திரலேகாவிடம், "உள்ள எங்கியோ வீக்கம் இருக்குதாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.

சந்திரலேகா என்னைக் கூடத்து வெளிச்சத்தில் நிறுத்தி வீக்கத்தைத் தேடினாள். இடது காலையும் வலது காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தையல் டேப்பைக் கொண்டுவந்து மணிக்கட்டு, முழங்கால், கழுத்து என்று அளந்தாள். கடைசியில், "மூக்குதான் வீங்கிக் கெடக்குது" என்றாள். "அது பொறந்ததுலருந்தே அப்படித்தான்" என்றேன். "அப்பவே பாத்திருக்கணும்" என்றாள். டாக்டரம்மா ரத்தக்குழாயைச் சொன்னார், கண்ணுக்குத் தெரியாது என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. தெரியாத வீக்கத்துக்கு உடம்பு முழுக்க வைத்தியம் செய்துவிட்டால் எங்கே இருந்தாலும் வடிந்துவிடும் என்பது அவள் கணக்கு. காலையில் பாகற்காய்ச் சாறு, பதினோரு மணிக்கு வெந்தயத் தண்ணீர், மத்தியானம் கொள்ளுக் கஞ்சி, சாயங்காலம் வேப்பங்கொழுந்து. இது போக, மூட்டுக்கு மூட்டு மஞ்சளை அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைத்தாள். குளித்தாலும் போகவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "காமாலைக்குப் பத்தியம் இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு எட்ட நின்றே பணம் வாங்கிக்கொண்டு போனார்.

வளைகாப்புக்குக் கிளம்பும்போது சந்திரலேகா கடைசியாக ஒரு கட்டளை போட்டாள். "சம்பந்தி வூட்ல இதப்பத்தி மூச்சு வுடக்கூடாது, ஆமாம். பொண்ணு வூட்டு வம்சத்துலயே சக்கரைன்னு எவளாவது ஒருத்தி வாயத் தொறந்தாப் போதும், பொறக்கறதுக்கு முன்னாடியே கொழந்தைக்கு வியாதி வந்துடுச்சும்பாளுங்க!" நானும் மூச்சு விடுவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

தங்கள் வீட்டுப் பந்தியை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் காய் இரண்டு பங்கு என்று சொல்லப்பட்ட ஒரு மனிதன் வளைகாப்புப் பந்தியில் உட்கார்ந்தால் அவன் கதி என்ன? புளிசாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். இலையில் காய் என்று கண்ணில் பட்டது கத்தரிக்காய் கொத்சு ஒன்றுதான். நான் அதையே மறுபடி மறுபடி கேட்டேன். சம்பந்தியம்மாள் நான் கூச்சப்படுவதாக நினைத்து ஒவ்வொரு கரண்டி கொத்சுக்கும் ஒரு கரண்டி சாதத்தைத் துணைக்குப் போட்டார்கள். பாகற்காய்ச் சாற்றிலேயே கிடந்த நாக்கு, அத்தனையும் தின்றது. அப்போதுதான் தங்கள் தம்பி பழனிவேல் பொங்கல் வாளியோடு வந்தார். நான் கையை விரித்து இலையை மறைத்தேன். அவர் கலியாண வேகத்தில் இருந்தார். என் புறங்கையிலேயே ஒரு கரண்டி போட்டுவிட்டார். நெய் மணந்தது. இன்னும் ஒரு கணம் உட்கார்ந்திருந்தால் நக்கியிருப்பேன். இலையை மூடிவிட்டு எழுந்தேன், கையைக் கழுவினேன், பத்து நிமிட நடையைத் தொடங்கினேன்.

வாசல் தாண்டுவதற்குள் பழனிவேல் வாளியோடு பின்னாலேயே ஓடி வந்தார். "சம்பந்தி! என்ன கொறன்னு சொல்லிட்டுப் போங்க சம்பந்தி!"

"ஒண்ணுமில்லிங்க, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றேன். நிற்காமல் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. காரணத்தைச் சொல்லக்கூடாது என்பது வீட்டு உத்தரவு. ஆகவே வேகமாக நடந்துகொண்டேதான் சொன்னேன். அது அவருக்குக் கோபமாகப் பட்டிருக்கிறது. அவர் திரும்பி மண்டபத்தைப் பார்த்து, "சம்பந்தி கோச்சிக்கினு போறாருடா!" என்று குரல் கொடுத்தார்.

உடனே தங்கள் உறவுக்காரப் பெண்கள், என்னைச் சமாதானப்படுத்த வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, வளையல் தட்டு, பூத்தட்டு, பழத்தட்டு என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தட்டுகள் வெளியே போவதைப் பார்த்த நாதஸ்வரக்காரர், ஏதோ சீர்வரிசை புறப்பட்டுவிட்டது, நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று பதறி, தவில்காரரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்து எனக்கு நேர் பின்னால் நின்று மல்லாரியை எடுத்துவிட்டார். சம்பந்தி, மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. அதைக் காதுக்குப் பின்னால் வாசித்தால் எந்த மனிதனாலும் மெதுவாக நடக்க முடியாது. தங்கள் ஊர் மேலவீதியில் ஆட்டோக்கள் ஓரம் கட்டின. போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி எனக்கு வழி விட்டார். ஒரு மளிகைக்கடைக்காரர் அவசர அவசரமாகக் கற்பூரம் கொளுத்தினார். ஊர்வலத்தில் யார் முக்கியஸ்தர் என்று தேடியவர்கள் கண்ணில் மஞ்சள் கையோடு முன்னால் போகிற நான்தான் பட்டேன். ஓர் அம்மாள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டார்.

வடக்கு வீதி திரும்பும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. நான்கு வகை சாதம், மல்லாரி, வெயில், இதில் எது காரணமோ? எனக்கு டாக்டரம்மா சொன்ன ஹார்ட் ஒன்றுதான் நினைவில் நின்றது. முடிந்தது என்று ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். தங்கள் வீட்டார் சூழ்ந்துகொண்டார்கள். பழனிவேல் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டார். "எங்க அண்ணனுக்காவ வாயத் தொறந்து சொல்லுங்க சம்பந்தி. நகைல கொறையா? சாப்பாட்ல கொறையா?" அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் சத்தியமாவது ஒன்றாவது என்று தோன்றிவிட்டது. நாதஸ்வரத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். சரியாக அந்த நொடியில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"எனக்கு ப்ரீ டயாபடீசு!"

வீதியே கேட்டது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி, "என்னமோ ஃப்ரீயா குடுக்கறாங்களாம்டி, ஆதார் கார்டு எடுத்தாந்தியா?" என்று கேட்டார்.

பழனிவேல் என்னை உற்றுப் பார்த்தார். "இதுக்கா சம்பந்தி? எனக்கு ஃபுல்லாவே இருக்குது, ஆறு வருஷமா!" என்றார். தவில்காரர் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஐயாவுக்கு மூணு மாசச் சக்கரைக் கணக்கு எவ்ளோ வந்துச்சு?" என்று விசாரித்தார். பழத்தட்டு வைத்திருந்த அம்மாள் தன்னுடையதைச் சொன்னார். போக்குவரத்துக் காவலர் நிறுத்திய பஸ்ஸை மறந்துவிட்டு வந்து, வெறும் வயிற்றில் தனக்கு எவ்வளவு என்று சொன்னார். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகவே தன்னுடையதைச் சொன்னார். நான்தான் அங்கே எல்லோரிலும் குறைவு. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனாலும் படபடப்பு அடங்காததால் பழனிவேல் என்னை ஆட்டோவில் ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுக்கவைத்தார். இதயத்தில் கோளாறு இல்லை, வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் யாருக்கும் அப்படித்தான் என்றார்கள். திரும்பி வருவதற்குள் மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நடந்தது இதுதான். தங்கள் வீட்டு அன்னத்தை அவமதிக்கும் எண்ணம் எனக்குக் கனவிலும் கிடையாது. என்மேல் உள்ள கோபத்தை என்னோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த நல்ல நாளில் வினோதினியை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டுமாய்க் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் வினோதினிக்கும், வரவிருக்கும் சின்னவருக்கும் அல்லது சின்னவளுக்கும் தீர்க்காயுசும் திடமான ரத்தக்குழாய்களும் வாய்க்க எங்கள் ஆசீர்வாதம்.

தங்கள் அன்புள்ள,
தில்லைநாதன்

பின்குறிப்பு: கவரில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் வினோதினியே போன் செய்தாள். "மாமா கோவமா இருக்காருன்னு யாருப்பா உங்ககிட்ட சொன்னது? அவரு அன்னிக்கே கெளம்புன்னுதான் சொன்னாரு. நாந்தான் கொஞ்ச நாள் போவட்டும்னு சொல்லச் சொன்னேன். அங்க வந்தா அம்மா எனக்கும் பாவக்கா ஜூஸ் குடுக்கும்பா. இங்க அத்தை காயும் சோறும் அளவாப் போட்டு, சாயங்காலம் நடக்கக் கூட்டிக்கினு போறாங்க, நான் வரல" என்று வைத்துவிட்டாள். ஆகவே மேலே வைத்த வேண்டுகோளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வினோதினியை அனுப்ப வேண்டாம். நான் அங்கே வருகிறேன். டாக்டரம்மா சொன்னதும் அதேதான், அளவுச் சாப்பாடும் நடையும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இந்தக் கடிதத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு புறப்படுகிறேன். சந்திரலேகாவிடம், தங்களைச் சமாதானப்படுத்தப் போவதாகவும் அதற்கு நாளாகும் என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் போன் செய்து கேட்டால், தயவுசெய்து இன்னும் ஒரு மாதமாவது தாங்கள் கோபமாகவே இருக்கவும்.