நாலாவது வரிசை, பதினொன்றாம் இருக்கை

வெர்ன் ப்ரூலே ஓய்வு பெறுகிறார் என்று ரேடியோவில் கேட்ட காலையிலேயே நான் ஒரு சபதம் செய்தேன். அவர் போனால் நானும் போகிறேன்.

எங்கே என்று ஐலி கேட்டாள். ஐலி என் மனைவி. குறுக்குக் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி.

"ஹாக்கி அரங்கத்துக்கு இனிமே கால் வைக்க மாட்டேன்னு சொல்றேன்."

"அப்போ வீட்டுலயே இருக்கப்போறேன்னு சொல்லு, ரெய்னோ. போறேன் போறேன்னு சொல்லி ஆசை காட்டாதே."

அவளுக்கு என் துக்கம் புரியவில்லை. சுரங்கம் மூடின பிறகு எங்கள் ஊரில் மிச்சம் இருப்பது பனியும், அந்தப் பனிக்கட்டியின் மேல் ஆடுகிற கல்லூரி ஹாக்கி அணியும்தான். அந்த அணிக்கு முப்பத்தொரு வருஷமாக ஒரே கோச். அதே பழுப்புக் கோட்டு, வாயில் அதே சூயிங்கம். நாலாவது வரிசையில் பதினொன்றாம் இருக்கை என்னுடையது, அவருக்கு நேர் பின்னால். என் மனைவியின் முகத்தைவிட அந்த மனிதரின் பிடரியை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதைப் பெருமையாக ஐலியிடமே சொல்லித் தொலைத்தேன்.

"தெரியுமே," என்றாள். "நான் கண்ணாடி மாத்தி ஆறு மாசம் ஆச்சு. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பேச்சை மாற்றிவிட்டு ஹில்மா காபிக்கடைக்குப் போனேன்.

கடை இழவு வீடு மாதிரி இருந்தது. எங்கள் ஊர் ஆண்கள் அழ மாட்டார்கள். மூக்கைச் சிந்துவார்கள். அன்று கடையில் கை துடைக்கிற காகிதம் தீர்ந்துபோய்விட்டது. பன்னிரண்டாம் இருக்கைக்காரன் உர்ஹோ, ஆறிப்போன காபியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"என் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து அவர்தான்டா கோச்," என்றான். "இனிமே வெள்ளிக்கிழமைன்னு ஒண்ணு எதுக்குடா வரணும்?"

நான் முப்பத்துநாலு வருஷம் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் ஓய்வு பெற்றபோது யாரும் மூக்கைச் சிந்தவில்லை. மூணாம் தெருவில் ஒரு நாய் மட்டும் இரண்டு நாள் குரைக்காமல் இருந்ததாகக் கேள்வி. ஓய்வு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்து, போட்டுக்கொள்ள வேண்டிய பூட்ஸை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பது. கோச்சும் அப்படி நிற்பாரே என்று நினைத்தபோது என்னவோ செய்தது. அவருக்கு வயதாகிவிட்டது என்றால் எனக்கும் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. என் யோசனைதான். மறுக்கவில்லை.

எங்கள் ஊரில் சீசன் டிக்கெட் இருக்கை என்பது லேசில் கிடைக்காது. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் செய்தித்தாளில் முதலில் படிப்பதே மரண அறிவிப்பைத்தான். எனக்கு ஜலதோஷம் என்றால்கூட நலம் விசாரிக்க ஏழெட்டுப் பேர் வருவார்கள். அப்படிப்பட்ட இருக்கையை, கோச்சுக்கு நேர் பின்னால் இருக்கிற நாங்கள் நாற்பது பேர் ஒரே நாளில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்? கல்லூரி ஆடிப்போகாதா? கோச்சின் காலில் விழுந்து கூட்டிவராதா?

"இருக்கை போயிடுச்சுன்னா?" என்றான் உர்ஹோ.

"போகாதுடா. பயந்துபோய் அவங்களே திருப்பித் தருவாங்க. கோச்சையும் சேர்த்து."

கடிதத்தை நானே எழுதினேன். 'ப்ரூலே இல்லாத அரங்கத்தில் எனக்கு இருக்கை வேண்டாம். என் உரிமையை முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன்.' நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கல்லூரி அனுப்பியிருந்த புதுப்பிக்கும் படிவத்தையும் கூட வைக்கச் சொன்னேன்.

என் உறையைத் தபாலில் சேர்க்க வேண்டியது ஐலி. வேலையை விட்ட நாளிலிருந்து தபால் பெட்டியைக்கூடத் தொடுவதில்லை என்பது என் இன்னொரு சபதம்.

ஐலி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் படித்தாள். புதுக் கண்ணாடி நன்றாக வேலை செய்தது.

"இதைப் படிச்சியா?"

"எதுக்கு? விலாசம் சரியா இருக்கா பாரு, போதும்." முப்பத்துநாலு வருஷமும் விலாசத்தை மட்டும் படித்துப் பழகியவன் நான். உள்ளே இருப்பதைப் படித்தால் வேலை போய்விடும்.

"யோசிச்சுத்தான் செய்யறியா?"

"முழு மனசோட."

"மனசு மாற மாட்டியே?"

"ஐலி, கோச் தொண்ணூத்தெட்டுல கோப்பை ஜெயிச்சப்போ..."

"தொண்ணூத்தேழு. ரெண்டாவது ஓவர்டைம். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே ரேடியோவுல கேட்டேன்," என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு, கொட்டுகிற பனியில் தானே நடந்து போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் ஏலக்காய் ரொட்டி சுட்டாள். பண்டிகைக்குச் சுடுகிற ரொட்டி. என் துக்கத்தை ஆற்றத்தான் சுடுகிறாள் என்று நினைத்து மூன்று துண்டு தின்றேன்.

கல்லூரி ஆடிப்போகவில்லை. பதிலே வரவில்லை. மே மாதம் புதுக் கோச்சை நியமித்தார்கள். முப்பத்தாறு வயது. பழுப்புக் கோட்டுகூடக் கிடையாது. கோடை முழுவதும் நான் ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். ஹில்மா கடையில் மற்ற முப்பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்டோபர் வந்தது. முதல் ஆட்டம் சனிக்கிழமை மத்தியானம். நான் சமையலறை மேஜைமேல் ரேடியோவை வைத்துக்கொண்டு, செத்த வீட்டுக் களையோடு உட்கார்ந்திருந்தேன். ஐலி உள்ளேயிருந்து வந்தாள். மேலே அணியின் பச்சைச் சட்டை. கழுத்தில் என்னுடைய மப்ளர்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஆட்டத்துக்கு."

"இருக்கை?"

"நாலாவது வரிசை, பதினொண்ணு."

அவள் படிவத்தின் நகலைக் கைப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். பின்பக்கம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி. இருக்கையை ஒருவர் விட்டுக்கொடுத்தால், பட்டியலில் இருப்பவர்களுக்கு முன்னால் அதே விலாசத்தில் வசிப்பவருக்கே முதல் உரிமை.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து கேட்டேன், என்னையும் கூட்டிட்டுப் போன்னு," என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் வலித்தது. "இடம் காலியாகட்டும், காலியாகட்டும்னு சொன்னே. காலியாயிடுச்சு."

"உர்ஹோ இடம்?"

"அவன் பொண்டாட்டி சில்வியா. நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். மத்த எல்லா வீட்டுக்கும். ரெண்டு பேர் கல்யாணம் ஆகாதவங்க. அந்த இடத்துல ஒண்ணு, பட்டியல்ல இருந்த டோரீனுக்குக் கிடைச்சிருக்கு."

டோரீன் என்றால் ப்ரூலேயின் மனைவி. ஐலியின் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கால் மணி நேரம் கழித்து யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். பழுப்புக் கோட்டு. வெர்ன் ப்ரூலே கையில் ஒரு மூடி போட்ட பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. வயதாகித்தான் இருந்தது.

"டோரீன் இங்கே போகச் சொன்னா," என்றார். "தனியா விட்டா ரேடியோவை உடைச்சிடுவேனாம்."

உட்கார்ந்தார். ஆட்டம் ஆரம்பித்தது. பிறகு, அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் கோச் போயிட்டீங்க? இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாமே?"

அவர் ரேடியோவையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு வருஷமா எனக்கு அந்தக் கோடியில இருக்கிற கோல் கண்ணுக்குத் தெரியலைப்பா. ஜனங்க கத்தினா நானும் கை தட்டுவேன். பசங்களுக்கும் தெரியும். யாரும் சொல்லலை."

என் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்தினேன். அவருடைய பிடரியின் ஒவ்வொரு சுருக்கமும் எனக்குத் தெரியும். கண் தெரியாதது தெரியவில்லை.

"எனக்குப் பின்னாடி ஒருத்தன் கத்திக்கிட்டே இருப்பான்," என்றார். "அவனைப் போடு, இவனை எடுன்னு. முப்பத்தொரு வருஷமா."

நெஞ்சு நிமிர்ந்தது. "நான்தான் கோச், அது."

"நீதானா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பவும் தப்பாவே சொல்வே."

ரேடியோவில் எங்கள் அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. அரங்கம் அடங்கிப்போயிருந்தது. அந்த அமைதியில் ஒரு குரல் கணீரென்று கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஏழாம் நம்பரை உட்கார வைப்பா! இடது காலை இழுக்கிறான், தெரியலையா? இருபத்திரண்டை இறக்கு!"

வர்ணனையாளர் சிரித்துவிட்டார். நாலாவது வரிசையில் ஒரு அம்மா கோச்சுக்குப் பாடம் எடுக்கிறார் என்றார். புதுக் கோச் திரும்பிப் பார்க்கிறார் என்றார். ஏழாம் நம்பர் வெளியே வருகிறான் என்றார். அப்புறம் அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை, அப்படி ஒரு இரைச்சல். இருபத்திரண்டு கோல் போட்டான். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று. கடைசியில் மூன்றுக்கு இரண்டு, ஜெயித்துவிட்டோம்.

ப்ரூலே ரேடியோவைப் பார்த்துக் கை தட்டினார். பிறகு அந்தக் கை என் தோள்மேல் வந்து உட்கார்ந்தது. இந்தக் கணத்துக்காக முப்பத்தொரு வருஷம் காத்திருந்தவன் நான்.

"அது உன் சம்சாரம்தானே?"

"ஆமாம் கோச்."

"அந்த இருக்கையில முதல்லேர்ந்தே அவ உட்கார்ந்திருந்தா," என்றார் ப்ரூலே, பெருமூச்சோடு, "இன்னும் ரெண்டு கோப்பை ஜெயிச்சிருப்பேன்யா."