குழாய்க்குள் வந்த மாமனார்

குடும்பச் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டவன் அந்தச் சுற்றுலாவில் சந்தோஷமாக இருந்ததாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை. போட்டோக்களைப் பாருங்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் கார் சாவியைத் தேடிக்கொண்டிருப்பான். அவன்தான் திட்டம் போட்டவன்.

எங்கள் வீட்டில் அவன் நான்.

எனக்கும் செல்விக்கும் காதல் கல்யாணம். மாமனார் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், ஓசூர்ப் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவர். எங்கள் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், கை கழுவினார், போய்விட்டார். மகள் நிலா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் பெங்களூர் தொம்மலூரில் எங்கள் வீட்டுப் படியை முதன்முதலாக மிதித்தார். மிதித்தாரே தவிர, மறந்தும் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. "சார், பேப்பர் வந்துடுச்சா?" "சார், ஃபேனைக் கொஞ்சம் கொறைங்க." (போலீஸ்காரர் ஒருத்தர் நம்மை இப்படி மரியாதையாக சார் சார் என்றால், அடுத்து 'ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க' என்பாரோ என்று தோன்றாதா? எனக்குத் தோன்றியது.)

எப்படியாவது அந்த சாரை ஒழித்துவிட வேண்டும் என்று யோசித்தபோதுதான், சந்தாபுராவைத் தாண்டி ஒரு தண்ணீர்ப் பூங்கா இருப்பது நினைவுக்கு வந்தது. தென்னை மரங்கள், ஓலைக் குடிசைகள், செயற்கை அலை, சுட்டெரிக்கும் தீவு என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நான் ஆபீசில் ப்ராஜெக்ட் மேனேஜர். எதையும் திட்டமிட்டுச் சொதப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கூட்டமே இருக்கக் கூடாது என்று ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஜூலையில யாருங்க தண்ணியில எறங்குவாங்க? பெங்களூர்ல வெளிய நின்னாலே குளுருது," என்றாள் செல்வி.

"அதனாலதான் கூட்டம் இருக்காது," என்றேன், பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவனைப் போல.

கூட்டம் இல்லை. தூறல் இருந்தது. வாசலில் கழுத்தில் பூமாலையும் இடுப்பில் ஓலைப் பாவாடையும், அதற்கு மேல் ஜெர்கினும் தலையில் குரங்குக் குல்லாவும் அணிந்த ஒருவர் மேளம் அடித்து எங்களை வரவேற்றார். மேளத்தைவிட அவருடைய பற்கள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. தென்னை மரங்கள் பிளாஸ்டிக். மாமா ஒரு மரத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"காய்க்குமா சார்?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

அடுத்த இடி உள்ளே காத்திருந்தது. வேட்டி, புடவையோடு தண்ணீரில் இறங்க அனுமதி கிடையாதாம். (இணையத்தில் எல்லாவற்றையும் படித்தவன் இதை மட்டும் படிக்கவில்லை.) "நான் எறங்கலப்பா, ஆளை விடுங்க," என்று அத்தை, அதாவது என் மாமியார், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓலைக் குடிசையில் உட்கார்ந்துவிட்டார். மாமாவின் அளவுக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரே ஒரு கால்சட்டை. முழங்கால் வரை மஞ்சள் நிறம். அதில் செம்பருத்திப் பூக்கள். பூவுக்குப் பூ ஒரு பச்சைக்கிளி.

கோர்ட்டில் சாட்சிப் பொருளைப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனார். மேலே மீசை, கீழே கிளி என்று வெளியே வந்தார். நான் தரையைப் பார்த்தேன். என் கல்யாணம் அப்போதே பாதி ரத்தாகிவிட்ட மாதிரி இருந்தது.

"தாத்தா, சூப்பரா இருக்கீங்க," என்றாள் நிலா. அவர் மீசையை லேசாக முறுக்கிக்கொண்டார்.

செல்வியும் நிலாவும் குழந்தைகள் குளத்தில் நடுங்கிக்கொண்டிருக்க, மாமா நிமிர்ந்து எதையோ பார்த்தார். மூன்று மாடி உயரத்திலிருந்து மலைப்பாம்பு போல வளைந்து வளைந்து இறங்கும் மூடிய சறுக்குக் குழாய்.

"இதுலல்லாம் நீங்க போவீங்களா சார்?"

கேள்வியில் கேலி இல்லை, விசாரணை இருந்தது. "இதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா," என்றேன். (எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓரக் கொடியில் துணி காயப்போடுவதுகூட செல்விதான். எனக்குத் தலை சுற்றும்.)

இருவரும் ஏறினோம். குழாயின் வாயில் நான் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கழுத்தில் விசில் தொங்கிய பூங்காக் காவலர் என்னிடம், "கை பிடி சார்," என்றார்.

இத்தனை வருடம் பெங்களூரில் இருந்தும் என் கன்னடம், தெரியாது என்று சொல்ல உதவும் 'கொத்தில்லா'வில் தொடங்கி 'கொத்தில்லா'விலேயே முடிந்துவிடும். ஆனால் கை பிடி என்பதற்கு அகராதியா வேண்டும்? இறுக்கிப் பிடித்தேன். "கை பிடி சார், கை பிடி," என்றார் மறுபடியும். உயிரே போனாலும் விடுவதில்லை என்று பிடித்தேன். கடைசியில் அவரே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளிவிட்டார். பிடிக்கச் சொல்வதும் இவரே, பிரித்துவிடுவதும் இவரே, என்ன மனிதர் என்று நினைத்துக்கொண்டே இருட்டுக்குள் போனேன்.

முதல் வளைவிலேயே தைரியம் தீர்ந்துபோயிற்று. இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் குழாயின் சுவரில் அண்டக் கொடுத்து, பல்லி போல நின்றுவிட்டேன். தண்ணீர் மட்டும் எனக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. மேலேயிருந்து "சார், கை பிடி, கை பிடி" என்று குரல் எதிரொலித்தது. ஆகட்டும் ஐயா, பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன். விசில் ஊதினார்கள். அதன்பின் மாமாவின் குரல்.

"என்னய்யா ஆச்சு அவருக்கு? கீழ ஆளையே காணோம். வழிய விடு, நான் போய்ப் பாக்குறேன்."

"ஹோகபேடி சார், ஹோகபேடி..."

போகாதே என்றால் நிற்கிறவரா அவர்? சரக்கு ரயில் வருவதுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி என் முதுகில் இரண்டு பாதங்கள் பதிந்தன.

"யாரு?"

"நான்தான் மாமா."

"உசுரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க?"

"அவர்தான் கை பிடி, கை பிடின்னு கத்திக்கிட்டே இருக்காரு."



"யோவ் மாப்ள," என்றார் மாமா. "கன்னடத்துல பிடின்னா விடுன்னு அர்த்தம்யா. விட்டுத் தொலைய்யா."

விட்டேன். முதுகில் இருந்த காலால் அவர் ஒரு தள்ளு தள்ளி, கூடவே சறுக்கி என் கழுத்தைக் கட்டிக்கொள்ள, பின்னாலிருந்து அவர் பாரம் அழுத்த, இரண்டு பேரும் ஒரே மூட்டையாகக் குளத்தில் போய் விழுந்தோம். மேளக்காரர் இது ஏதோ விசேஷம் என்று நினைத்து வேகமாக அடிக்கத் தொடங்கினார். மாமா இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்றார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. அவருக்குப் பல் இருப்பதையே அன்றுதான் பார்த்தேன். "செல்வி, உம் புருஷன் என்ன பண்ணான் தெரியுமா..." என்று ஆரம்பித்துச் சொல்ல முடியாமல் இருமினார். அத்தை துண்டோடு ஓடிவந்தார்.

அந்த வாரம் முழுக்க நானும் அவரும் ஒரே போர்வைக்குள் தலையை நுழைத்து ஆவி பிடித்தோம். தும்மலுக்கு நடுவே எனக்குக் கன்னடம் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அவர் இந்தக் கதையைத்தான் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் குழாய் கொஞ்சம் நீள்கிறது. ஆனால் இதில் கடைசி வார்த்தை அத்தையுடையது. போன மாதம் ஒரு வளைகாப்பில் பெண்களெல்லாம் அவரவர் பிரசவக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என்னைக் காட்டி அத்தை சொன்னார்:

"எனக்கு செல்வி சுகப்பிரசவம்தாம்மா. எங்க வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளை பொறக்குறதுக்குள்ளதான் படாதபாடு. முதுகுல கால வெச்சுத் தள்ளினப்புறம்தான் வெளிய வந்தாரு."