செத்த கொள்ளைக்காரனின் பதில்கள்

"படிங்க மாப்ளே. ஜனங்க என்ன சொல்றாங்க?"

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். படத்துக்குக் கீழே முதல் கருத்து: 'குதிரையைத் தவிர யாருக்கும் நடிக்க வரவில்லை.'

"குதிரைச் சவாரி பிரமாதம்னு எழுதியிருக்காங்க மாமா."

கட்டிலில் மாமனார் திரும்பிப் படுத்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் கட்டு. மற்றதில் ஏற்கெனவே பார்வை மங்கல். மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே கிடந்தார். கட்டுப் பிரித்ததும் தன் ஒற்றை அறைக்கே போய்விடுவேன் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

"அங்க தனியா என்ன பண்ணுவார்? எப்படியாவது இங்கேயே இருக்க வைங்க," என்று மாப்பிள்ளையிடம் அவர் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரிடம் அவர் பேசியது "வாங்க மாமா", "வரேன் மாமா" இரண்டும்தான். யோசித்ததில், மாமனார் இளமையில் ஒரு கௌபாய் படத்தில் நடித்தது ஞாபகம் வந்தது. யாரோ அதை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

படத்துக்கு மொத்தம் ஒரே குதிரை. ஷெரீப் துரத்தும்போதும் அதுதான், கொள்ளைக்காரன் தப்பிக்கும்போதும் அதுதான். பாலைவனத்தில் அட்டைக் கள்ளிச்செடி சாய்ந்தது. ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அதை நிமிர்த்தியது. கொள்ளைக்காரன் மாமனார். சுடப்பட்டுக் கூரையிலிருந்து விழுந்து, செத்து, பிறகு மூக்கைச் சொறிந்தார்.

"அடுத்தது?"

'செத்த பிறகு மூக்கைச் சொறியும் ஒரே கொள்ளைக்காரன். படம் எடுத்தவனை உள்ளே போடுங்கள்.'

"சாகுற சீன்ல உயிரைக் குடுத்து நடிச்சிருக்கார்ங்கிறாங்க."

"அப்படியா! ஒரு நன்றி போடுங்க. 'நான்தான் அந்தக் கொள்ளைக்காரன். உங்கள் அன்புக்குத் தலை வணங்குகிறேன்.'"

மாப்பிள்ளை விரலால் சும்மா தட்டினார்.

"அனுப்பின சத்தம் வரலையே?"

அனுப்பினார். 'உள்ளே போடுங்கள்' என்பதற்கு நேர் கீழே அன்பும் வணக்கமும் போய் உட்கார்ந்தன.

மறுநாள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. 'யோவ் கொள்ளைக்காரா, நீ இன்னும் சாகலையா?'

"சௌக்கியமான்னு விசாரிக்கிறாங்க மாமா."

"சௌக்கியம், உங்க வீட்ல எல்லாரும் எப்படின்னு கேளுங்க."

கேட்டார். கூட்டம் இன்னும் பெருத்தது.

சமாளிக்க மாப்பிள்ளை வேறு பெயரில் தானே புகழ்ந்து எழுதினார். 'காவியம். அந்த மூக்குச் சொறிதல் மரணத்துக்கே விட்ட சவால்.' போட்டதும் பதில் வந்தது. 'இதை எழுதினது கொள்ளைக்காரனோட மாப்பிள்ளையாத்தான் இருக்கணும்.'

"என்ன மாப்ளே, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல மாமா. குடும்பத்தையும் விசாரிக்கிறாங்க."

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு கேட்டார். படப்பிடிப்பில் குதிரை ஷெரீப்பின் பின்பக்கத்தைக் கடித்ததையும், மிச்சப் படம் முழுக்க அவர் நின்றுகொண்டே வசனம் பேசியதையும் சொன்னார். மாப்பிள்ளைக்குப் புரை ஏறியது. பதிலுக்கு, லிஃப்டில் மாட்டிக்கொண்ட சம்பந்திகள் கதவு திறப்பதற்குள் சம்பந்தத்தையே முறித்துக்கொண்ட கதையைச் சொன்னார். வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கட்டுப் பிரிக்கும் நாள் நெருங்கியது. பிரித்தால் முதல் வேலையாகப் போனைக் கேட்பார். படிப்பார். அப்புறம் பெட்டியைத் தூக்குவார்.

படத்தை ஏற்றியவருக்கு மாப்பிள்ளை எழுதினார். 'தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.'

'நீக்குறதா? கொள்ளைக்காரருக்காகத்தான் சார் கூட்டமே வருது. நாளைக்கு வீட்டுக்கு வந்து அவரைப் பேட்டி எடுக்கட்டுமா?'

காலையில் கண்ணுக்கு மருந்து விட வழக்கமாக வரும் நர்ஸ் வந்தார். மாப்பிள்ளை வாசலிலேயே வழி மறித்தார்.

"சிஸ்டர், கட்டை இன்னும் கொஞ்ச நாள் விட்டு வைக்க முடியாதா?"

"ஏன் சார்? கண் நல்லாத்தானே இருக்கு."

"கண் நல்லாருக்கிறதுதான் பிரச்சினை." குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கொட்டினார். குதிரை, மூக்கு, தலை வணங்கியது, தானே எழுதிய காவியம் வரைக்கும். "அதையெல்லாம் படிச்சா மனசு விட்டுடுவார் சிஸ்டர். இங்க ஒரு நிமிஷம் இருக்க மாட்டார்."

நர்ஸ் பையைக் கீழே வைத்தார்.

"அதையெல்லாம் நீங்க படிச்சுக் காட்டின மறுநாளே என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார் சார், கட்டை மட்டும் இப்பப் பிரிச்சுடாதேம்மா, அப்புறம் மாப்பிள்ளை பக்கத்துல வந்து உட்கார மாட்டார்னு நேத்துதான் என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினார்."