மாப்பிள்ளை அடுப்பு

"ஏன்னா, அடுப்பு வெளில இருக்கு. புகை மட்டும் எதுக்கு ஆத்துக்குள்ள வர்றது?" ஸ்ரீலக்ஷ்மி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

ஸ்ரீரங்கன் இருமிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மகள் மஹதியைப் பெண் பார்க்க அமெரிக்க மாப்பிள்ளை பிரணவ் வருகிறான். "வீக்கெண்டுன்னா பார்பிக்யூதான் அங்கிள். எங்காத்துக் கொல்லைல செங்கல்லயே கட்டியிருக்கேன்" என்று வீடியோ காலில் சொல்லியிருந்தான். அவ்வளவுதான். பஜ்ஜி, சொஜ்ஜி கேன்சல். மயிலாப்பூர் வீட்டுக் கொல்லையிலும் ஒரு செங்கல் அடுப்பு. அதில் பனீரும் பேபி கார்னும் சுட்டுக் கொடுத்தே மாப்பிள்ளையை மடக்கிவிடுவது என்று ஸ்ரீரங்கன் முடிவு செய்தார்.

வரன் என்றாலே முறைக்கும் மஹதி இந்த முறை முறைக்கவில்லை. கொத்தனார் வேம்புவுக்குக் காபி கொடுத்து, அடுப்புக்கு இடமும் அவளே காட்டினாள். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே.

"தட்டை அப்படியே ஜன்னல் வழியா நீட்டிடலாம்ப்பா."

"பார்த்தியா, பொண்ணு மனசு மாறிடுத்து!" என்று மனைவியின் காதில் பூரித்தார் ஸ்ரீரங்கன்.

இப்போது என்னடாவென்றால், புகை.

"இதுக்குப் போய்க் கவலைப்படுவாளா? ஒரு புகைபோக்கி வெச்சுடலாம்ப்பா" என்றாள் மஹதி.

வேம்பு வைத்தார். மேலே ஏறிய புகை நேராகப் பக்கத்து வீட்டு மெஹபூப் பாஷாவின் மொட்டை மாடியில் போய் இறங்கியது. பாஷா ஒரு ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? காலைல வெள்ளையாத்தான் காயப் போட்டேன்! எங்க வீட்டுக் கல்யாணத்துல அண்டா அண்டாவா பிரியாணி போட்டப்பகூட இவ்ளோ புகை வரல!"

"பாவம் பாஷா மாமா. மதில் மேல உசரமாத் தகரம் அடிச்சுடலாம்ப்பா."

தகரம் ஏறியது. அதில் முட்டிய புகை, பழைய ஜன்னலுக்கே திரும்பி வந்தது.

"வேம்பு, பேசாம இடிச்சுடேன்!" என்று அலறினார் ஸ்ரீரங்கன்.

வேம்பு மஹதியைப் பார்த்தார். "சிமென்ட் ஈரமா கீது சார். நாளைக்குக் காஞ்சா சரியாப் பூடும்."

மறுநாள் காய்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் அமர்ந்தார்கள். ஸ்ரீரங்கன் கரியைப் பற்றவைத்து, பனீர்க் குச்சிகளை அடுக்கினார். மஹதி பட்டுப்புடவையோடு நின்று விசிறினாள், விசிறினாள், அப்படி விசிறினாள். கொஞ்ச நேரத்தில் ஹாலில் சோபாவைக் காணோம். அதில் உட்கார்ந்திருந்தவர்களையும் காணோம்.

"டேய் பிரணவ், எங்கடா இருக்கே?"

"ஃபேனுக்குக் கீழம்மா!"

"ஃபேன் எங்கடா இருக்கு?"

"சார், பயப்படாதீங்க! நான் கீறேன்!" மாடியில் பாஷாவின் தலையும் தோட்டக் குழாயும் தெரிந்தன. பீய்ச்சியடித்த தண்ணீரில் அடுப்பு அணைந்தது. மிச்சம் ஜன்னல் வழியாகப் பாய்ந்து, வழி தெரியாமல் சமையலறைக்குள் நுழைந்துவிட்ட மாப்பிள்ளையின் அம்மாவைக் குளிப்பாட்டியது.

"ஆத்துக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று புகைக்குள் ஒரு குரல் இருமியது. வாசலில் கார் சீறிக் கிளம்பியது.

கருகிய பேபி கார்னோடு படியில் சரிந்தார் ஸ்ரீரங்கன். "போச்சு! நான் கட்டின அடுப்பே என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துடுத்து!"

மஹதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடுப்பா, நீ என்ன பண்ணுவே."

காலையில் வேம்பு தலையைச் சொறிந்தபடி வந்து நின்றார்.

"சார், பாப்பா சொன்னாப்பலயே புகை பூரா ஊட்டுக்குள்ள வர்ற மாதிரி கட்டிக் குட்த்துட்டேன். இன்னும் வேற மாப்பிள்ளை யாராச்சும் வர்றாங்களா, இல்ல இடிச்சிடவா?"